ரெண்டு கம்பிக்கு ஒரு தென்னை

உலகத்தில் எந்தப் பொருளையும் தனியாக விட்டுவைக்காத ஒரே மனிதர் எங்கள் பூதப்பாண்டி ரெட்டைசெட்டு அண்ணாச்சிதான். கல்யாண வீடுகளுக்கு மைக் செட் கட்டுவது அவர் தொழில். ஒரு செட் கேட்டால் இரண்டு கொண்டுவருவார். வேட்டிக்கு மேல் பெல்ட். அதை நம்பாமல் அதன்மேல் ஒரு கயிறு.

"என்னத்துக்கு அண்ணாச்சி இத்தனை சுமடு?" என்று பக்கத்து வீட்டுக்காரனான நான் கேட்பேன்.

"ஒண்ணு படுத்தா மத்தது எழும்பும்லா, மக்கா!"

இரணியலில் ஒரு கல்யாணம். தாலி கட்டும் நேரம் பார்த்து ஒரு செட்டில் வால்வு எரிந்துபோனது. அண்ணாச்சி இன்னொரு செட்டின் பொத்தானைத் தட்டினார். நாதஸ்வரத்துக்குத் தடங்கலே தெரியவில்லை. அன்று பந்தியில் மாப்பிள்ளையைவிட மிடுக்காக உட்கார்ந்து, இலைக்கு அடியில் இன்னொரு இலை போடச் சொன்னார். "மேல உள்ளது கிழிஞ்சா ரசம் எங்க போவும்?"

இப்படிப்பட்டவருக்கு மகள் மட்டும் ஒருத்திதான். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்து திருவனந்தபுரம் போனவளிடம், இனி என் படி ஏறாதே என்று சொல்லிவிட்டார். அவளும் ஏறவில்லை. அதன்பிறகு அவர் வாயிலிருந்து அவள் பெயரே வரவில்லை.

ஒருநாள், அவள் ரேடியோவில் பாடப்போகிறாள் என்று தகவல் வந்தது. அப்போதெல்லாம் நிலையத்தில் உட்கார்ந்து பாடப் பாட இங்கே கேட்கும், விட்டால் போயிற்று. அண்ணாச்சி இரண்டு ரேடியோ வைத்தார். தனித்தனி பேட்டரி, தனித்தனி ஏரியல் கம்பி. சாயங்காலம் அறிவிப்பாளர் அவள் பெயரைச் சொன்னார். அந்த நொடியில் புறவாசலில் தொப்பென்று ஒரு சத்தம். இரண்டு ரேடியோவும் வெறுமனே இரைந்தன.

ஓடிப்போய்ப் பார்த்தேன். தேங்காய்க் குலையோடு இரண்டு கம்பிகளும் அறுந்து கிடந்தன.

"ஏலே, நிறுத்துலே!" என்று உள்ளிருந்து அலறினார் அண்ணாச்சி.

"இன்னைக்கு வெட்ட வரச்சொன்னதே நீங்கதாம்லா!" என்றான் தென்னையில் ஏறித் தேங்காய் வெட்டிக்கொண்டிருந்தவன். "ரெண்டு கம்பியையும் ஒத்தத் தென்னையிலயா கெட்டுவிய?"

மகள் நினைப்பில் மனிதர் வெட்ட வரச்சொன்னதையும் மறந்திருந்தார், மரமும் இரண்டு வேண்டும் என்பதையும் மறந்திருந்தார்.

நான் திரும்பி வந்தபோது, கம்பி செருகும் துளைகளில் ஒன்றுக்கு ஒரு விரலாக, இரண்டு ரேடியோவிலும் கைவைத்து நின்றார். அவரே ஏரியல் ஆகிவிட்டார். இரைச்சலுக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. கண்ணீர் வழிந்து மீசைக்கு வந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை. என் துண்டால் நான்தான் துடைத்தேன்.

பாட்டு முடிந்து சந்தை நிலவரம் ஆரம்பித்தது.

"தீந்துட்டு அண்ணாச்சி. கைய எடுங்க."

"பொறு மக்கா. இன்னொண்ணு பாடினாலும் பாடுவா."

நெல் விலை, மிளகு விலை எல்லாம் முடியும்வரை அப்படியே நின்றார்.

அண்ணாச்சி போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாயிற்று. இப்போதும் ரேடியோவில் ஒரு பெண் பாடி முடித்தால் நான் உடனே அணைப்பதில்லை. அவருக்காகக் கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன்.