வலியில்லா டாக்டரின் கடைவாய்ப் பல்

ரூட் கெனாலுக்குப் பிறகு வரும் வலி என்பது, மனித குலம் பொழுதுபோகாமல் கண்டுபிடித்த கற்பனை. இதை ஊரறியச் சொல்லிவந்தவர், வலியில்லா டாக்டர் என்று பெயரெடுத்த பல் டாக்டர். வலிக்கிறதென்று போன் செய்பவர்களுக்குச் சொல்ல, ரிசப்ஷன் பெண்ணுக்கு ஒரே பதிலைப் பழக்கி வைத்திருந்தார்: "வலி பல்லுல இல்லீங்க, மனசுல."

அப்படிப்பட்டவரின் கடைவாய்ப் பல்லே வேர் வரைக்கும் சொத்தையாகிவிட்டது. வைத்தியம் பார்த்தவர், அதே கிளினிக்கில் இன்னொரு டாக்டரான அவர் மனைவி.

"வேரைக் குடைய மோட்டார் ஊசி வேண்டாம். கையால குடையற என் பழைய ஊசியை எடு."

"படுத்திருக்கறது நீங்களா, நானா?"

"படுத்திருந்தாலும் டாக்டர்தான்."

அவள் பந்தயம் கட்டினாள். கருவிகளை அவரே பொறுக்கட்டும். பிறகு வலி வந்தால் அந்தப் பழைய ஊசிகளெல்லாம் குப்பைக்கு, இனி கிளினிக்குக்குக் கருவி வாங்குவதும் அவள்தான். ஊசிகளைப் பெற்ற பிள்ளைகள் மாதிரிச் சீராட்டி வந்த டாக்டர், அலட்சியமாகத் தலையாட்டினார்.

வாய் மரத்ததும் பேச்சு நின்றது. அதிகாரம் விரலுக்கு இறங்கியது. தட்டில் இதை எடு, அதை வை என்று சுட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், அடைத்த பல் உயரமாக நிற்கிறதா என்று பார்க்க அவள் நீலக் காகிதத்தைக் கடிக்கச் சொன்னாள். அதையும் விரலாலேயே விரட்டினார். தன் கடி தனக்குத் தெரியாதா?

சாயங்காலம் மரப்பு விட்டது. கிளினிக்குக்கு மேலேயே வீடு. சோபாவில் உட்கார்ந்து வாயை மூடினார். அந்த ஒரு பல் மட்டும் முந்திக்கொண்டு எதிர்ப்பல்லை இடித்தது. காது வரைக்கும் மின்னல். வாயை மூடாமல் இருந்தார். எச்சில் சட்டையில் வழிந்தது. மனைவி பார்க்கிறாளே என்று சிரித்துச் சமாளித்தார். இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாரே என்று அவள் வறுத்த பாதாமை நீட்டினாள். மறுபக்கம் மென்றார், நாக்கைக் கடித்துக்கொண்டார். வலிப்பது எது என்றே குழம்பிப்போய், ஸ்பூன் காம்பால் பல்லைத் தட்டிப் பார்த்தார். பல்தான்.

பாத்ரூமுக்குள் புகுந்து தாழிட்டு, சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு, கீழே கிளினிக்குக்குப் போன் போட்டார். குரலைக் கிழவனுடையதாக்கிக்கொண்டார்.

"அம்மா, ரூட் கெனால் பண்ணின பல்லு உயிர் போகுது."

"வலி பல்லுல இல்லீங்க, மனசுல," என்றாள் ரிசப்ஷன் பெண், பழக்கப்படி.

"எந்த மடையன் சொன்னான்?"



"நீங்கதான் சார். கதவைத் திறங்க. நீங்க காகிதத்தைக் கடிக்காதப்பவே, பாத்ரூம்லேர்ந்து போன் பண்ணுவீங்கன்னு மேடம் சொல்லிட்டாங்க. நீலக் காகிதத்தோட பாத்ரூம் வாசல்லதான் நிக்கறாங்க."