ஏலத்துக்குப் போன பால்கோவா பெட்டி

ஊரே கைதட்டி நான் சிகரெட்டை விட்டேன். அதுல ஒரே ஒரு குறை. நான் விடல.

படிச்சது எட்டாவது வரைக்கும். சுருக்கமாத்தான் எழுத வரும். (நிறைய எழுதினா பொய்யும் சேர்ந்து வரும். அதுல எனக்கு அனுபவம் உண்டு.)

ராஜபாளையத்துல ஒரு நூல் மில்லுல முப்பது வருசம் வேலை பார்த்தேன். மில்லுக்குள்ள பஞ்சு. தீப்பெட்டி கொண்டு போகக் கூடாது. ஷிப்ட் முடிஞ்சு கேட்டைத் தாண்டினதும் முதல் வேலை சிகரெட்தான். வேலையை விட்டு நின்ன பொறவும் அந்த நேரம் வந்தா கை தானா சட்டைப் பைக்குப் போயிரும். வீட்டுக்காரி இறந்து நாலு வருசம். ஒரே மக கிருபாவைக் கோயம்புத்தூர்ல கட்டிக் குடுத்தாச்சு. வீட்டுல நானும் டிவியும். பேசுறது டிவி மட்டும்தான்.

கிருபாவுக்குப் பெண் குழந்தை பிறந்துச்சு. பிறந்ததுல இருந்தே நெஞ்சுச் சளி, மூச்சு இழுப்பு. புகை பக்கத்துலயே ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். கிருபா போன் போட்டா.

"அறுப்பின் பண்டிகைக்கு வாரேன்ப்பா. வந்தா மூணு மாசம் அங்கதான். ஆனா நீங்க அதை விட்டிருக்கணும்."

"விட்டுருதேன்."

"விட்டுருதேன்னா வரமாட்டேன். விட்டுட்டேன்னு சொல்லுங்க, வாரேன்."

"விட்டுட்டேன்."

அப்ப என் கையில ஒண்ணு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

அவளுக்குச் சந்தோசம் தாங்கல. உடனே எங்க கோவில் போதகருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டா. அவர் ஞாயித்துக்கிழமை ஆராதனையில சொல்லிட்டார். "நம்ம சகோதரர் தங்கராஜ் புகைப் பழக்கத்தை விட்டுட்டார். நாம எல்லாரும் அவரை உற்சாகப்படுத்தணும்." கைதட்டினாங்க. நானும் தட்டினேன். பக்கத்துல இருந்தவர் என் கையைப் பிடிச்சு நிறுத்தினார்.

அன்னையில இருந்து உற்சாகம்தான். காலையில போதகர் போன். பத்து மணிக்கு எதிர்வீட்டு எஸ்தர் மதினி சுக்குக் காப்பியோட வருவாக. "தம்பி, வாயை ஊதுங்க." ஊதணும். டீக்கடைக்காரர் வீட்டுல தெலுங்கு பேசுறவர். நான் சிகரெட்டுக்குக் கையை நீட்டினா "வத்து, வத்து" ன்னு கையை ஆட்டுவார். வேண்டாம்னு அர்த்தம். தெருவுல இருக்குற மத்த கடைகளுக்கும் சொல்லி வச்சுட்டார். சாயங்காலம் கோவில் ஆளுக நாலஞ்சு பேர் வந்து ஒரு பாட்டுப் பாடிட்டுப் போவாங்க. நாலு வருசத்துல என் வீட்டுல நாற்காலி பத்தாமப் போனது அப்பதான்.

உள்ளூர்ல எங்க வாங்கினாலும் தெரிஞ்ச ஆளு பார்த்துருவாங்கன்னு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அங்க என்னை யாருக்கும் தெரியாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி சுவரைப் பார்த்து நின்னு குடிச்சேன். ஐம்பத்தெட்டு வயசுல, ஸ்கூல் பையன் மாதிரி. திரும்பி வந்தா எதுக்குப் போனீகன்னு கேப்பாங்களே, அதுக்குப் பதிலா அரைக் கிலோ பால்கோவா வாங்கினேன். கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்துத் தீர்த்தேன். பெட்டி மிச்சம். அதுக்குள்ள ஒரு பாக்கெட் சிகரெட், தீப்பெட்டி, வாய் வாடைக்குக் கொஞ்சம் கிராம்பு. மூடி நூலைக் கட்டி பீரோ மேல வச்சேன். பால்கோவா பெட்டியைச் சந்தேகப்படுற மனுசன் எங்க தாலுகாவுல கிடையாது.

பண்டிகை வந்துச்சு. கிருபாவும் மருமகனும் பிள்ளையோட நேரா கோவிலுக்கே வந்தாங்க. ஆராதனையில போதகர் என்னைச் சாட்சி சொல்ல எழுப்பி விட்டார். எழுந்தேன்.

"அறுபது நாள் ஆச்சு. எல்லாம் உங்க ஜெபம்."

உக்காந்துட்டேன். பெண்கள் பக்கம் கிருபா கண்ணைத் துடைச்சா. அதைப் பார்த்தப்பவாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லல.

அறுப்பின் பண்டிகைன்னா, அவங்கவங்க முடிஞ்சதைக் காணிக்கையாக் கொண்டு வருவாங்க. பூசணிக்கா, கோழி, வாழைத்தார், கேக்கு. ஆராதனை முடிஞ்சதும் கோவில் வளாகத்துல அதையெல்லாம் ஏலம் விடுவாங்க. ஏலம் போடுறவர் செல்லத்துரை. மைக் கையில வந்துட்டா விடமாட்டார். பூசணிக்கா போச்சு. பொறவு ஒரு பெட்டியைத் தூக்கினார்.

"அடுத்து நம்ம தங்கராஜ் அண்ணன் காணிக்கை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா."

நான் காணிக்கை ஒண்ணும் குடுக்கல. முன் வரிசையில இருந்து எஸ்தர் மதினி திரும்பிப் பார்த்துச் சிரிச்சாக. "நீங்க மறந்துட்டீக தம்பி. பிள்ளை வருதேன்னு உங்க வீட்டைக் கூட்டப் போனேன்லா. பீரோ மேல இருந்துச்சு. எடுத்தாந்துட்டேன்."

செல்லத்துரை பெட்டியைக் காதுகிட்ட வச்சு ஆட்டினார். கடகடன்னுச்சு.

"என்ன அண்ணே, காஞ்சு போச்சா?"

எல்லாரும் சிரிச்சாங்க. நான் கையைத் தூக்கினேன். "நூறு."

"குடுத்தவரே கேக்காரு. பால்கோவா மேல எம்புட்டு ஆசை பாருங்க."

"சிகரெட்டை விட்டா வாய் இனிப்பு கேக்கும்லா," ன்னாக மதினி.

"நூத்தம்பது." குரல் கிருபாவோடது. பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு எழுந்து நின்னா.

"இருநூறு," ன்னேன்.

"முன்னூறு. எங்க அப்பா ஜெயிச்சதுக்குக் குடுத்த காணிக்கை. எனக்குத்தான்."

நான் ஏத்தினேன். அவ ஏத்தினா. மருமகன் பர்ஸை எடுத்து உள்ள பார்த்தார். அப்பனும் மகளும் பாசத்துல மோதுறாங்கன்னு ஜனங்க ரசிச்சாங்க. எனக்குச் சட்டை முதுகோட ஒட்டிருச்சு. போதகர் வந்து தோள்ல கை வச்சார்.

"போதும் சகோதரரே. மகளுக்கு விட்டுக் குடுங்க."

விட்டேன். அந்த அறுபது நாள்ல நான் நெசமா விட்டது அது ஒண்ணுதான்.

"முதல் வாய் அப்பாவுக்கு," ன்னு எல்லாருக்கும் முன்னாடி கிருபா நூலைப் பிரிச்சா. மூடியைத் திறந்தா. பார்த்தா. பிள்ளையை அந்தத் தோள்ல இருந்து இந்தத் தோளுக்கு மாத்தினா. பெட்டிக்குத் தூரமா.

பக்கத்துல இருந்தவங்க எட்டிப் பார்த்தாங்க. அவங்களைப் பார்த்து அடுத்தவங்க. மைக்ல செல்லத்துரை தொண்டையைக் கனைச்சார்.

"அடுத்து... ரெண்டு தேங்கா."

யாரும் கேக்கல. நான்தான் கேட்டேன். ஏதாவது பேசணுமே. ரெண்டு தேங்காயைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன்.

வீட்டுக்கு வந்ததும் கிருபா பையைப் பிரிக்கல.

"மூணு மாசம் இருக்கணும்னுதான்ப்பா வந்தேன்."

"தெரியும்."

"இவளுக்கு ஆகாதுன்னும் தெரியும்ல?"

"தெரியும்மா."

"தெரிஞ்சும் ஏன்ப்பா?"

பதில் இருந்துச்சு. வந்தவங்க பாட்டைப் பாடிட்டுப் போன பொறவு வீடு முன்னைவிட அமைதியா இருக்கும். அந்த நேரத்துக்குத்தான் அந்தச் சிகரெட். இதை எப்படி மகள்கிட்டச் சொல்றது? சாயங்காலமே கிளம்பிட்டாங்க. பிள்ளை தூங்கிக்கிட்டு இருந்துச்சு. நான் தூக்கவே இல்ல. கட்டி வச்சிருந்த தொட்டிலை அவுத்து மடிச்சேன்.

மறுநாள் போதகர் போன் வரல. சுக்குக் காப்பி வரல. மதினி என்னைப் பார்த்தா சேலையை இழுத்துக்கிட்டு உள்ள போயிருவாக. (பெட்டியை எடுத்தது அவிய. கோவம் என் மேல. நியாயம்தான்.) டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் டீயை வச்சார். நான் கேக்காமலே பக்கத்துல ஒரு சிகரெட்டையும் எடுத்து வச்சார். வத்து சொல்லல.

அதுதான் சுருக்குன்னு இருந்துச்சு. டீயை மட்டும் குடிச்சுட்டு வந்தேன். அன்னையில இருந்து தொடல. தூக்கம் வரல. யார்கிட்டயும் சொல்லல. சொன்னாலும் யாரு நம்புவா?

ஒரு ஞாயித்துக்கிழமை கோவில் முடிஞ்ச நேரம் கிருபா போன் போட்டா. எடுத்ததும் கேட்டா. "இன்னைக்கு என்ன ஏலம் போச்சு?"

சிகரெட்டைத்தான் கேக்கான்னு புரிஞ்சுச்சு. அவ சிரிக்கல. நானும் சிரிக்கல. "ஒண்ணும் போகல," ன்னேன்.

அடுத்த வாரமும் கேட்டா. எட்டு மாசம் இதே கேள்வி, இதே பதில். பொறவு ஒரு நாள் சொல்லாம வந்து நின்னா. தலையணை, போர்வை, என் சட்டை எல்லாத்தையும் மோந்து பார்த்தா. பிள்ளையை என் மடியில வச்சா. பத்து நாள் இருந்தா.

மூணு வருசம் ஆகுது. எங்க குடும்பத்துல யாரு என்ன பொய் சொன்னாலும் "பெட்டியைத் திற" ன்னுதான் கேப்பாங்க. மருமகன் வீட்டு ஆளுக வரைக்கும் அந்தப் பேச்சு போயாச்சு. ஞாயித்துக்கிழமை இப்ப பேத்தி போனைப் பிடுங்கிக் கேக்கா.

"தாத்தா, என்ன ஏலம்?"

அவளுக்கு அர்த்தம் தெரியாது. "ஒண்ணும் போகல தாயி," ம்பேன். கேட்டுட்டு விளையாடப் போயிருவா. போனை அணைக்க அவளுக்குத் தெரியாது. அந்த வீட்டுச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். நானும் அணைக்கிறது இல்ல.