வார்டுக்குள் ஒரு பெரட்டு

கையும் காலும் விழுந்த பிறகும் அதிகாரம் மட்டும் விழாத மனிதர் இலங்கையின் ஊவா மாகாணத்திலேயே ஒருவர்தான் இருந்தார். எழுபதுகளின் நடுவில், பதுளையில் ஓர் ஆஸ்பத்திரி வார்டில், வாசலோரக் கட்டிலில். நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருபது வருஷம் கங்காணி. பாரிசவாதம் அவருடைய வலது பக்கத்தை வாங்கிக்கொண்டது. வாய் தப்பிவிட்டது, அது எங்கள் கெட்ட காலம்.

காலை ஆறு மணிக்குத் தகரக் கோப்பையால் கட்டில் கம்பியைத் தட்டுவார். "பெரட்டு! பெரட்டு!" தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலைக்குப் பிரிப்பார்களே, அதே பெரட்டு. கடைசியில் அதுவே முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயராகிவிட்டது. நடக்கப் பழகுகிறவர்கள் எல்லாரும் அவர் கட்டிலடியில் வந்து நிற்க வேண்டும். பிந்தினால் விரட்டு. தோட்டத்தில் விரட்டென்றால் அன்றைக்கு வேலையில்லை, வீட்டுக்குப் போ என்று அர்த்தம். வார்டில் எங்கே போவது? கட்டிலுக்குத்தான்.

சர்க்கரை வியாதியில் ஒரு கால் போன கடைக்கார முஸ்லிம் நானா ஒருவர் முறைத்தார். "நான் தோட்டத்து ஆளில்ல கங்காணி. யாவாரி."

"அப்ப தராசுத் தட்ட யாரு எட்டி எடுக்கிறது, ஒங்க கடைப் பூனையா? எறங்குங்க நானா!"

"அல்லாவே! டாக்டர் கால எடுத்தாரு, இந்த மனிசன் உசிர எடுக்கிறான்" என்று திட்டிக்கொண்டே நானா ஊன்றுகோலைத் தேடினார். சிங்கள நர்ஸ் மிஸ்ஸி சிரித்தாள். "நான் சொன்னா யாரும் எழும்புறதில்ல. கங்காணி சொன்னா எழும்புது!"

எனக்கு இடுப்பெலும்பில் காசம். எட்டு மாதம் ஊசியும் மாக்கட்டும். "ஆறிட்டுது, கம்ப விட்டுட்டு நட" என்று டாக்டர் சொல்லி ஒரு மாதமாகியும் நான் கம்பை விடவில்லை. விழுந்தால்? மற்ற இடுப்பும் போனால்? காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக்குழாய் வாயில் உடைந்துவிடுமோ என்று மூச்சை அடக்குகிறவன் நான்.

அப்போதுதான் மனைவியின் கடிதம் வந்தது. "ஒண்ணாந் தேதி தோட்டத்துப் பெரட்டுல கம்பில்லாம வந்து நிக்கலேன்னா ஒங்க பேர வெட்டிட்டு காம்பிராவ வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம். புள்ளைகளோட எங்க போவேன்?" காம்பிரா என்பது தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் எங்களுக்கிருந்த ஒற்றை அறை. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் அதை ஏழு தடவை படித்தேன். தடவைக்கு ஒரு பயம் வந்தது. பதினைந்து வருஷம் எங்கள் தோட்டத்து மலையில் வளைந்த இடுப்பு. நின்றுபோனதும் தோட்டத்துக்கு என் பெயர் கனத்துவிட்டது.

இன்னும் நான்கு நாள். யோசித்தே கிடந்ததில் அன்று பெரட்டுக்குப் பிந்திவிட்டேன். கம்பைத் தட்டிக்கொண்டு வாசல்வரை போய் நின்றேன். கங்காணி நல்ல கையால் கம்பை வெடுக்கென்று பிடுங்கினார்.

"இப்பத்தான் விடிஞ்சிச்சோ தொரைக்கு? விரட்டு!"

"தூக்கமில்லீங்க கங்காணி..."

"விரட்டுன்னா விரட்டு! போடா வீட்டுக்கு!"

பதினைந்து வருஷப் பழக்கம். தலையைக் குனிந்துகொண்டு திரும்பினேன். வார்டின் மறுகோடிக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் என் கையில் கம்பு இல்லை என்பது உறைத்தது. கம்பு அவர் கையிலேயே இருந்தது. நிற்கப் பயந்த கால், துரத்தினால் போவதற்கு மட்டும் எவ்வளவு பழகியிருக்கிறது! நானா கைதட்டினார். நான் அழுதேன், விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று.

டிஸ்சார்ஜ் துண்டு வெட்டி என்னை வீட்டுக்கு அனுப்பும்போது மிஸ்ஸிதான் சொன்னாள். "கங்காணிக்குப் போக எடமில்ல. அவர் பேர தோட்டத்தில எப்பவோ வெட்டியாச்சி. மகளும் கப்பல்ல இந்தியா போயிட்டா." கோப்பையைத் தட்டத் தொடங்குமுன்பே அவருக்கு அது தெரியுமாம்.

ஒன்றாந் தேதி பெரட்டில் கம்பில்லாமல் நின்றேன். காம்பிரா தப்பியது. அடுத்த ஞாயிறு மனைவியோடு பதுளைக்குப் போனேன்.

"எங்களோட வந்துருங்க கங்காணி."

"பத்துக்குப் பன்னெண்டு காம்பிரா. ஏற்கனவே நாலு பேரு. என்னைய எங்க, கூரையிலயா தொங்கவிடுவ?"

வந்தார். இரண்டு வருஷம் இருந்தார். குழம்பில் உப்பில்லை என்றார், என் நடை வாத்து நடை என்றார், ஒருநாளும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. அவர் கண்ணை மூடிய பிறகு இடம் தாராளமாகிவிட்டது. ஆனாலும் நாங்கள் நாலு பேரும் முன்போலவே நெருக்கியடித்துக்கொண்டு படுத்தோம். அவர் மூலையில் ரொம்ப நாள் யாரும் பாய் விரிக்கவில்லை.