ஆவி வாசித்த பியானோ

எங்கள் ஃப்ரைபுர்க் நகரம் தானாக வாசிக்கும் பியானோக்களைச் செய்து ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்த நகரம். தெருவுக்கு நாலு வீட்டிலாவது அந்தத் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். விரல் படாமல் கட்டைகள் இறங்கி ஏறுவதை எங்கள் ஊர்ப் பூனைகள்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட ஊருக்குப் பெரிய போர் முடிந்த மூன்றாம் ஆண்டில் ஸெராஃபினே என்றோர் அம்மாள் வந்து, "என் வீட்டுப் பியானோவை ஆவிகள் வாசிக்கின்றன" என்றார். ஊர் திரண்டு ஓடியது. மீனவர் குப்பத்துக்கு ஒருவன் வந்து வலையை விரித்து, இது கடல்கன்னியின் கூந்தல் என்று சொல்ல, குப்பமே விழுந்து கும்பிட்டது போல.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காப்பி குடித்த கையோடு அந்த வீட்டு வாசலில் வரிசை நிற்கும். கறுப்பு உடுப்புப் பெண்கள்தான் அதிகம். போர் ஏறக்குறைய எல்லா வீட்டிலிருந்தும் ஓர் ஆளை எடுத்துக்கொண்டிருந்தது. வரிசையில் நிற்கும்போதே அற்புதங்கள் வளரத் தொடங்கிவிடும்.

"போன வாரம் என் மச்சினன் வந்தான்" என்றார் கசாப்புக்கடை ஃபைட். "போல்கா ஆட்ட மெட்டு வாசிச்சான். என்னா வேகம்."

"உங்க மச்சினனுக்குப் பியானோ தெரியுமா?"

"உயிரோட இருந்தப்ப தெரியாது. அங்க போய்க் கத்துக்கிட்டிருக்கான்."

யாரும் சிரிக்கவில்லை. மேலுலகத்தில் நல்ல வாத்தியார்கள் கிடைக்கிறார்கள் போலிருக்கிறது என்று ஒருவர் தலையை ஆட்டினார்.

உள்ளே, தாழ்வான மரமேடை ஒன்றில், சுவரோடு ஒட்டி ஒரு பழைய பழுப்புப் பியானோ நிற்கும். ஸெராஃபினே அதன் மேல் மூடியைத் திறந்து காட்டுவார். தந்திகள், சுத்தியல்கள், கொஞ்சம் தூசி. "நல்லா பாருங்க. சுருள் கிடையாது, மிஷின் கிடையாது, கரண்டு கம்பி கிடையாது" என்பார். கட்டைகளுக்குக் கீழே பார்க்கச் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை. பிறகு திரைகள் இழுக்கப்படும். எல்லோரும் கையோடு கை கோத்துத் தேவாலயப் பாட்டு ஒன்றைப் பாட வேண்டும், உரக்கப் பாட வேண்டும். பாட்டின் நடுவே கட்டைகள் தாமாக இறங்கத் தொடங்கும். முன்வரிசைக்காரர்களின் கணுக்காலில் சில்லென்று காற்று வீசும்.

"அவங்க மூச்சு" என்பார் ஸெராஃபினே, மெல்ல.

மேடையின் கீழே ஒரு சின்னக் கம்பி வலை இருந்தது. மூச்சு அங்கிருந்துதான் வந்தது. பெண்கள் கைக்குட்டையை அங்கே பிடித்து அந்த மூச்சை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

ஸெராஃபினேவுக்கு ஒரு கணவர் உண்டு. போரில் இரண்டு காலும் விளங்காமல் போனவர். சந்தை நாளில் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து அம்மாளே தள்ளிக்கொண்டு வருவார். ஊர் தொப்பியைக் கழற்றும். ஆவிகளின் நெருக்கம் அவருடைய நரம்புக்கு ஆகாது என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் நிலவறையில் படுத்திருப்பாராம்.

இந்தக் கூட்டத்துக்கு ஓத்மார் ரீஸ்டரர் போயிருக்கவே கூடாது. போனவர், முதல் நாளே குட்டை உடைத்திருக்க வேண்டும். இந்த வித்தை அவரைவிட நன்றாகத் தெரிந்த மனிதர் எங்கள் ஊரில் யாரும் இல்லை. தொழிற்சாலையில் அவருக்குக் காகிதச் சுருள் திருத்தும் வேலை. பெரிய கலைஞர் ஒருவர் வந்து வாசிப்பார். அவர் தொட்ட கட்டையெல்லாம் நீளக் காகிதத்தில் குறியாக விழும். குறி விழுந்த இடத்தில் ஓட்டை வெட்டுவார்கள். அந்தக் காகிதம் துளையிட்ட பித்தளைப் பட்டை ஒன்றின் மேல் ஊர்ந்து போகும். ஓட்டையும் துளையும் சந்திக்கிற இடத்தில் காற்று உள்ளே இழுபடும். குழாயின் மறுமுனையில் ஒரு குட்டித் துருத்தி சுருங்கும். கட்டை இறங்கும். ஓட்டை, காற்று, துருத்தி, அவ்வளவுதான். கலைஞர் தடுமாறித் தப்பான கட்டையைத் தொட்டிருந்தால், ஓத்மார் அந்த ஓட்டையின் மேல் காகிதத் துண்டு ஒட்டிவிட்டு, பக்கத்தில் சரியான ஓட்டையை வெட்டுவார். இப்படி ஐரோப்பாவின் மேதைகள் பலருக்குப் பிசகாத விரல்களை அவர் அருளியிருந்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

முதல் தடவை கிண்டல் செய்யத்தான் போனார். மேல் மூடிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை. கீழ்ப்பலகையைக் கழற்றச் சொல்லலாம் என்று வாயைத் திறக்கும்போது, ஸெராஃபினே அவர் கையைப் பிடித்து, "லாம்பெர்ட்னு உங்களுக்கு ஒரு பையனா?" என்று கேட்டார்.

ஓத்மாரின் வாய் மூடிக்கொண்டது. லாம்பெர்ட் அவருடைய ஒரே மகன். ஃப்ளாண்டர்ஸ் போர்முனைச் சேற்றில் உயிர் போனவன். அந்தப் பெயர் தேவாலயச் சுவரில், போரில் இறந்தவர்களின் பெயர்களோடு, கல்லில் வெட்டியிருந்தது. எழுத்துக் கூட்டத் தெரிந்த யாரும் படிக்கலாம். அன்றைக்கு அவருக்கு அது நினைவுக்கு வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவரே சொன்னார். பையன் வாசிக்கிற வால்ட்ஸ் நடன மெட்டு எது, அதை எந்த இடத்தில் எப்போதும் தப்பாக வாசிப்பான், கறுப்புக் கட்டைக்குப் பதில் பக்கத்து வெள்ளைக் கட்டையில் விரல் விழுவது, விழுந்ததும் ஒரு கணம் திகைப்பது, எல்லாம்.

சில வாரங்கள் கழித்து ஆவி அந்த வால்ட்ஸை வாசித்தது. அதே இடத்தில் அதே தப்பு. அதே திகைப்பு. ஓத்மார் கைக்குட்டையில் முகத்தைப் புதைத்து அழுதார். தாம் சொன்னதைத் தமக்கே திருப்பிச் சொன்ன ஆவிக்கு அது எப்படித் தெரிந்தது என்று வியந்து வியந்து அழுதார்.

அதோடு நின்றிருந்தால் அவர் ஒருவரோடு போயிருக்கும். "ரீஸ்டரரே நம்புறாரு, அவருக்குத் தெரியாத பியானோவா" என்ற பேச்சு ஊரைச் சுற்றியது. ஸெராஃபினே, வாசிப்பது ஆவிகள்தான் என்று ஒரு நற்சான்று எழுதிவைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு எல்லோர் முன்னிலையிலும் நிபுணர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். பிறகு ஊர்ப் பணத்தில் ஒரு 'ஆவி இல்லம்' கட்டப்படும். நிபுணர் சம்மதித்தார். நிபுணர் என்ற சொல் காதுக்கு இனிமையாகவும் இருந்தது.

அந்த வாரம் அவர் மனைவி வால்புர்கா அடுப்படியில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே கேட்டாள்.

"எதிர்வீட்டு ஹூக் அம்மா தையல் மிஷினை விக்கப் போறா, தெரியுமா?"

"எதுக்கு?"

"ஆவி இல்லத்துக்கு. செத்துப்போன புருஷன் வந்து ஒக்கார ஒரு இடம் வேணுமாம். சோத்துக்கு என்னடி வழின்னு கேட்டேன். உங்க வீட்டுக்காரரே சொல்லிட்டாரேங்கிறா."

"நான் காதால கேட்டேன், வால்புர்கா. அவன்தான். அதே தப்பு, அதே இடத்துல."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். மகன் செத்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவனைப் பற்றிப் பேச்சே கிடையாது. ஆவியோடு பேசப் போன மனிதர் மனைவியோடு பேசியதில்லை.

"ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன்" என்றாள்.

வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பாட்டுப் பாடவில்லை. மேசை மேல் நற்சான்றும் பேனாவும் காத்திருந்தன. ஓத்மார் முன்வரிசையில், புதிதாக இஸ்திரி போட்ட கோட்டோடு இருந்தார். லாம்பெர்ட்டின் வால்ட்ஸ் தொடங்கியது. அந்த இடம் வந்தது. தப்பு விழுந்தது.

"கறுப்புடா லாம்பெர்ட், கறுப்பு" என்று கத்தினாள் வால்புர்கா.

கூட்டம் திடுக்கிட்டுத் திரும்பியது. பியானோ திடுக்கிடவில்லை. தன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போய் முடித்தது.

வால்புர்கா எழுந்து நின்றாள். "நிக்க மாட்டேங்குறானே. அவன் தப்பு பண்றப்பெல்லாம் நான் அடுப்படியிலிருந்து இப்படித்தான் கத்துவேன். ஒடனே நிறுத்துவான். ரெண்டு வார்த்தை முணுமுணுப்பான். அப்புறம் அந்த இடத்துலேருந்து மறுபடி வாசிப்பான். ஒரு நாளும் அப்படியே விட்டுட்டுப் போனதில்ல."

"அம்மா, மேல இருக்கிறவங்களுக்கு நம்ம கூச்சல் எட்டாது" என்றார் ஸெராஃபினே.

"அப்ப நீங்க கூப்பிட்டா மட்டும் எப்படி எட்டுது?"

ஃபைட் இருமினார். ஸெராஃபினே புன்னகையை இழக்கவில்லை. "அன்போட கேட்டா எட்டும்."

"சரி, அன்போட கேக்குறேன். லாம்பெர்ட், கண்ணு, அந்தத் தப்பு பண்ணின எடத்துலேருந்து வாசி. மொதல்லேருந்து வேண்டாம். அங்கேருந்து மட்டும். அம்மாவுக்காக."

பியானோ மௌனமாக இருந்தது. ஸெராஃபினே அவசரமாக ஒரு பாட்டை எடுத்தார். சேர்ந்து பாட ஆள் இல்லை. அந்த அமைதியில், தரைக்கு அடியிலிருந்து மெல்லிய சரசரப்பு வந்தது. சர்ரென்று தொடங்கி, வேகம் கூடி, டப்பென்று நின்றது.

அந்த ஓசையைத் தினமும் கேட்டுச் சலித்த மனிதர் முன்வரிசையில் இருந்தார். காகிதச் சுருளை ஆரம்பத்துக்குத் திருப்பிச் சுற்றுகிற ஓசை. ஓத்மாருக்குக் காது முதலில் சூடாயிற்று, பிறகு கழுத்து, பிறகு முகம். செத்தவர்கள் எது செய்தாலும் காகிதம் சுற்றமாட்டார்கள்.

வால்ட்ஸ் மறுபடி தொடங்கியது. முதலிலிருந்து.

ஓத்மார் எழுந்து, இஸ்திரி போட்ட கோட்டோடு மேடையருகில் மண்டியிட்டார். வணங்குகிறார் என்று நினைத்து இரண்டு பெண்களும் மண்டியிட்டார்கள். அவர் தன் தொப்பியைக் கழற்றி, மூச்சு வருகிற கம்பி வலையின் மேல் வைத்து, இரண்டு கையாலும் இறுக்கி அழுத்தினார்.

வால்ட்ஸ் தள்ளாடியது. குடித்துவிட்டு மாடிப்படி ஏறுகிறவனைப் போல ஒவ்வொரு சுரமாக இழுத்து இழுத்து வைத்தது. கட்டைகள் பாதி இறங்கிப் பாதியில் நின்றன.

"ஐயோ பாவம், ஆவிக்கு மூச்சு முட்டுது" என்றார் ஃபைட், உண்மையான கவலையோடு.

தரைக்கு அடியில் தொம் தொம் என்று மிதிக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஓர் ஆண் குரல், நன்றாக இரைத்து இரைத்து வந்தது.

"ஸெராஃபினே, என்னமோ அடைச்சிக்கிச்சுடீ. மிதிக்கவே முடியல."

கூட்டம் முழுவதும் நிலவறைக்கு இறங்கியது. அங்கே கால் விளங்காத கணவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, வியர்வை ஒழுக, இரண்டு மிதிபலகைகளில் இரண்டு கால்களையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரே இரங்கிய அந்தக் கால்கள் மலையேறிகளின் கால்களைப் போல இருந்தன. அவர் முன்னால் சுருள் பெட்டி. அதிலிருந்து ஒரு கட்டு மெல்லிய குழாய்கள் கூரைத் துளை வழியே மேலேறிப் பியானோவின் அடிவயிற்றுக்குள் போயின. துருத்தி துப்பிய காற்றுக்கு ஒரு தனிக் குழாய், கம்பி வலைக்கு. கைக்குட்டையில் மூச்சு பிடித்துப் போன பெண்கள் அந்தக் குழாயை வெகுநேரம் பார்த்தார்கள்.

"இந்த மனுஷன் காத்தையா நான் தலையணைக்கடியில வெச்சிருந்தேன்" என்றாள் ஹூக் அம்மாள். அவள் அறைந்தது ஸெராஃபினேயின் கணவரையா, ஸெராஃபினேயையா என்பதில் ஊரில் இன்னும் இரண்டு கட்சி உண்டு. தையல் மிஷின் தப்பித்தது. போலீஸ் வந்தபோது, சக்கர நாற்காலி கேட்ட கணவரை நடக்கச் சொன்னார்கள்.

ஓத்மார் சுருளை விரித்து அந்த இடத்தைத் தேடினார். தப்பான ஓட்டை சுத்தமாக, ஓரம் பிசிறில்லாமல் வெட்டப்பட்டிருந்தது. வால்புர்கா அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இந்த ஓட்டைக்காகவா அழுத?"

"இதுக்காகத்தான். நல்லா வெட்டியிருக்கான். எங்ககிட்ட வேலைக்கு வந்திருக்கலாம்."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் லாம்பெர்ட்டைப் பற்றியே பேசினார்கள். அவன் முணுமுணுத்த அந்த இரண்டு வார்த்தை கெட்ட வார்த்தை என்பது அம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்று ஓத்மாருக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் தொழிற்சாலையில் கேலி காத்திருந்தது. ஓத்மார் முந்திக்கொண்டார். "என்னைவிடப் பெரிய முட்டாள் இந்த ஊர்ல இருந்தா கூட்டிட்டு வாங்க. அவனுக்கு நானே நற்சான்று எழுதித் தர்றேன், நிபுணர்னு கையெழுத்துப் போட்டு" என்றார். கேலி செய்ய வந்தவர்கள் ஏமாந்து திரும்பினார்கள்.

ஊர் திருந்திவிட்டது என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு எங்கள் ஊரைத் தெரியாது. அந்த வாரமே கசாப்புக்கடையில், தொத்திறைச்சியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே ஃபைட் குனிந்து ரகசியமாகச் சொன்னார்.

"இவ ஏமாத்துக்காரி, ஒத்துக்கறேன். ஆனா ஓஃபன்புர்க்ல ஒருத்தர் வீட்டுல வயலின் தானா வாசிக்குதாம். அது நெஜமாம். ஒரு பெரிய வயலின் வித்வானே பார்த்துட்டு அழுதாராம்."

ஓத்மார் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

"போயிட்டு வாங்க, ஃபைட். நல்லா அழுங்க, அதுல ஒரு தப்பும் இல்ல. அழுது முடிச்சதும் கண்ணைத் தொடச்சுக்கிட்டு, சுவத்துக்குப் பின்னால யாரு ஒக்காந்திருக்கான்னு ஒரு தடவை எட்டிப் பாருங்க. பியானோவுக்குள்ளயே காலத்தை ஓட்டின எனக்கு அது தோணல. மாட்டு வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு தெனமும் திறந்து பாக்குற ஆள் நீங்க, உங்களுக்காவது தோணணும்."