சாம்பிள் பாதை

டிக்கோயாவில் மானத்தின் விலை சதுர அடிக்கு நானூற்றைம்பது ரூபாய், கூலி உட்பட. அதற்குக் கீழே ஐந்து சதம்கூட இறங்க மாட்டேன் என்று ஹட்டனில் பாதைக்குப் பதிக்கிற இன்டர்லொக் கல் விற்கிறவன் சொல்லிவிட்டான்.

சண்முகராஜா கணக்குப் போட்டார். மெயின் ரோட்டிலிருந்து அவருடைய புது வீட்டு வாசல்வரை எழுபதடி நீளம், பத்தடி அகலம். மூன்று லட்சத்துப் பதினைந்தாயிரம். அதுவும் சமதரையா? கூரையைச் சாய்த்து வைத்த மாதிரி ஏற்றம், வெறும் செம்மண். முதல் நாள் அவருடைய சொந்த வேனே பாதி ஏறி, கொஞ்சம் யோசித்து, பின்பக்கமாகவே ரோட்டுக்குத் திரும்பிவிட்டது.

"அடுத்த ஞாயித்துக்கெழம மாப்பிள்ள வீட்டுக்காரங்க வாறாங்க," என்றாள் மனைவி யோகேஸ்வரி. "அந்த மனுசனுக்கு முழங்கால்ல ஒப்பரேசன் பண்ணியிருக்கு. சேத்துல நடக்க வைக்கப் போறீங்களா?"

அந்த மனுசன் முத்துலிங்கம், நுவரெலியாவில் மரக்கறி மொத்த வியாபாரி. அவருடைய மகன் விஜிதரனுக்குச் சண்முகராஜாவின் மகள் தனுஷிகாவைப் பிடித்திருந்தது. தனுஷிகாவுக்கும் அப்படியே. ஜாதகமும் பொருந்திவிட்டது. மிச்சமிருந்தது முத்துலிங்கத்தின் வாய்தான். அந்த வாய் இதுவரை மூன்று வீடுகளில் பலகாரம் சாப்பிட்டுவிட்டு, "போயிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்து வந்திருந்தது. ஒரு வீட்டுக்கும் சொல்லி அனுப்பவில்லை.

ஹட்டன் கடைத்தெருவில் முப்பது வருஷமாகத் துணிக்கடை நடத்துகிற சண்முகராஜாவுக்கு அந்தப் பேச்சு பழக்கம். "ஒரு சுத்து பாத்துட்டு வாறோம்" என்று படி இறங்கிய எவரும் திரும்பி வந்து சேலை எடுத்ததில்லை. ஆளைப் படி இறங்க விடாமல் வைத்திருப்பதுதான் வியாபாரம். மற்றதெல்லாம் துணி மடிக்கிற வேலை.

பாதை போட்டே ஆகவேண்டும். ஆனால் மூன்று லட்சத்தை டயருக்கு அடியில் விரிக்க மனம் வரவில்லை. அப்போதுதான் துணிக்காரனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய அந்த யோசனை தோன்றியது. சாம்பிள்! கொழும்பு மொத்தக் கடைகள் வெட்டித் தந்த சாம்பிள் துண்டுகளில்தான் அவர் வீட்டுத் தலையணை உறைகள் முழுக்கத் தைக்கப்பட்டிருந்தன.

அன்றைக்கே ஐந்து கடை ஏறினார். ஐந்திலும் ஒரே வசனம்.

"எழுநூறு சதுர அடி மொத்தமா எடுக்கப்போறேன். ஆனா நம்ம மழைக்கு நிக்குமான்னு தெரியணுமில்ல? சாம்பிளுக்கு ஒரு பதினாலடி போட்டுப் பாப்போம். நின்னா ஓடர் ஒங்களுக்குத்தான்."

"சாம்பிளுக்குப் பதினாலடியா?"

"டயர் ஒரு சுத்து சுத்தவேணாமா?"

கொடுத்தார்கள். ஆனால் அவர்களும் வியாபாரிகளாயிற்றே, நல்ல சரக்கையா கொடுப்பார்கள்? கடை மூலையில் விலைபோகாமல் கிடந்ததையெல்லாம் லொறியில் ஏற்றி அனுப்பினார்கள். பாதையின் கீழ்முனையில் மூன்று நிறத்தில் இன்டர்லொக். அதற்கு மேலே சரளைக்கல். பிறகு கொங்கிரீட் கட்டி, பிறகு பலகைக்கல். வாசலுக்கு முன்னால், குளியலறைச் சுவருக்கென்று வந்த நீல நிறப் பளபளப்பு டைல்.

மேசன் வீரய்யா பாஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "மொதலாளி, இது பாதையா, ஒங்க கடை ஷோகேஸா?"

"ஓசியில வந்ததக் கொறை சொல்லாத பாஸ். பதி."

வியாழக்கிழமை மழை பெய்தது. சரளைக்கல் முழுவதும் உருண்டு வந்து இன்டர்லொக்கின் மேல் உட்கார்ந்துகொண்டது. அள்ளி மேலே போட்டு, நகராமல் இருக்கச் சீமெந்துப் பாலைக் கரைத்து ஊற்றச் சொன்னார் சண்முகராஜா.

வெள்ளிக்கிழமை மழை அந்தப் பாலை இறுக விடாமல் கீழே கொண்டுபோய், இன்டர்லொக்கின் மேல் கண்ணாடி மாதிரி பூசிவிட்டுப் போனது. எப்படி இருக்கிறது என்று பார்க்கக் காலை வைத்த யோகேஸ்வரி, உட்கார்ந்த நிலையிலேயே மெயின் ரோட்டை அடைந்தாள்.

சனிக்கிழமை பிடிமானத்துக்காகச் சாக்கு விரித்தார்கள். சாக்கு நழுவாமலிருக்க ஆணி அடித்தார்கள். ஆணி அடித்ததில் டைல் நாலு உடைந்தது. உடைந்த இடத்தில் தண்ணீர் இறங்கி, பலகைக்கல் ஆட ஆரம்பித்தது.

"செம்மண்ணா இருந்தப்ப வேன் பாதியாவது ஏறிச்சு," என்றாள் யோகேஸ்வரி, இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டே. "இப்ப நாய்கூட வேலியச் சுத்தித்தான் வருது."

சண்முகராஜா வேலியோரம் நின்று பாதையைப் பார்த்தார். நாளைக்கு முத்துலிங்கம் ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு அங்கிருந்தே "சொல்லி அனுப்புறோம்" என்று சொல்லிவிட்டால், தனுஷிகாவின் முகத்தில் எப்படி முழிப்பது?

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. பத்து மணிக்கு முத்துலிங்கத்தின் வெள்ளை வேன் ரோட்டில் வந்து நின்றது. சாரதி அழகன் மலைப்பாதையில் இருபத்தைந்து வருஷம் வண்டி ஓட்டியவன். ஏற்றத்தை ஒருமுறை பார்த்தான், மூக்கைச் சொறிந்தான், ஒரே உறுமல். வேன் ஐந்து ரகத்தையும் தாண்டி வாசலில் வந்து நின்றது. சண்முகராஜாவுக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது.

"என்னங்க, அஞ்சு தினுசாப் போட்டிருக்கீங்க?" என்றார் முத்துலிங்கம், மனைவியோடும் மகனோடும் இறங்கிக்கொண்டே.

"ஒரே தினுசு எல்லாரும்தாங்க போடுவாங்க."

பலகாரம் வந்தது, போனது. வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். பதினொன்றரைக்கு முத்துலிங்கம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"சரிங்க. அப்ப நாங்க போயிட்டுச் சொல்லி…"

வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வண்டியைத் திருப்பப் போன அழகன் நனைந்து வந்து நின்றான்.

"மொதலாளி, வண்டி எறங்காது. ஏத்தத்த இஞ்சின் பாத்துக்கிரும். எறக்கத்துல இந்த வழுக்கலுக்கு பிரேக் என்ன செய்யும்? நேரா ரோட்டத் தாண்டித் தேயிலைக்குள்ளதான் போய் நிக்கும்."

முத்துலிங்கம் சரிவைப் பார்த்தார், தன் முழங்காலைப் பார்த்தார், உட்கார்ந்தார்.

மழை விடவில்லை. பகல் சாப்பாடு, தேத்தண்ணி, இராச்சாப்பாடு, படுக்க மெத்தை. திங்கட்கிழமை காலை அழகன் போய்ப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். விலை பேச ஒரு முட்டைக்கோவாகூட இல்லாத முத்துலிங்கம், கடைசியில் பாதையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த இன்டர்லொக் என்ன வெல சொன்னான்?"

"நானூத்தம்பது."

"பகல் கொள்ளை! நுவரெலியாவுல நானூறுக்கு நான் எடுத்துத் தாறேன்."

"முன்னூத்தம்பதுன்னா பேசலாம்."

"நான் என்ன கல்லைக் களவெடுத்தா குடுக்கிறேன்?"

பூட்டிக்கிடந்த வாய் திறந்துகொண்டது. கல்லிலிருந்து கல்யாண மண்டபத்துக்குப் போனார்கள். மண்டபத்திலிருந்து சாப்பாட்டுக்கு. இவர் நானூறு பேர் என்றார், அவர் அறுநூறு என்றார். ஒருவர் எழுந்து யன்னலோரம் போய்க் கோபித்துக்கொண்டு நின்றார், மற்றவர் வடையை நீட்டி உட்கார வைத்தார். செவ்வாய்க்கிழமை காலை கல் முன்னூற்று எண்பதுக்கும், விருந்து ஐந்நூறு பேருக்கும், கல்யாணம் ஆவணிக்கும் படிந்தது.

"சரிங்க, சம்பந்தி!" என்று முத்துலிங்கம் கையை நீட்டினார்.

அவர் வாயை மூடுவதற்குள் யோகேஸ்வரி தாம்பாளத்தோடு வந்தாள். முத்துலிங்கத்தின் மனைவி நாகலெட்சுமி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். விஜிதரனும் தனுஷிகாவும் தரையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சண்முகராஜா வாசலில் வந்து நின்று, தன் ஐந்து தினுசுப் பாதையைப் பெருமையோடு பார்த்தார். முப்பது வருஷத்தில் எந்தக் கடைக்காரன் ஒரு பார்ட்டியை மூன்று நாள் உட்கார வைத்து வியாபாரத்தை முடித்திருக்கிறான்? ஏறலாம், இறங்க முடியாது! ஒரு சதம் செலவில்லாமல் உலகத்திலேயே நல்ல பாதையைப் போட்டவன் தான் மட்டும்தான் என்று தோன்றியது.

மழை அப்போதும் தூறிக்கொண்டுதான் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் வேனில் ஏறினார்கள். வேன் ஒருமுறைகூட வழுக்காமல், ஆடி அசைந்து ரோட்டில் போய் நின்றது. நாகலெட்சுமி மறந்துவிட்டுப் போன குடையை எடுக்க, அழகன் விறுவிறுவென்று மேலே நடந்து வந்தான்.

"என்ன அழகன்," என்றார் சண்முகராஜா. "அதே மழ, அதே பாதை. இன்னைக்கி மட்டும் எப்பிடி எறங்குச்சு?"

அழகன் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விரலை மடக்கினான்.

"வண்டிய எறக்காம இருக்கச் சொல்லி எங்க தம்பி அஞ்சாயிரம், ஒங்க பாப்பா மூவாயிரம், ரெண்டு அம்மாவும் ஆளுக்கு ரெண்டாயிரம், பேரம் படியிறவரைக்கும்னு எங்க மொதலாளி எட்டாயிரம், ஆக இருபதாயிரம் வந்திருச்சுங்க, நீங்க மட்டுந்தான் பாக்கி."