நட்டை இறுக்கிய நடேசன்

மோட்டார் மட்டும் வீறிட்டு அலறியது. சக்கரங்களோ தூக்கக் கலக்கத்தில் இருப்பவை போல நகர்ந்தன.

நடேசன் ரிமோட்டை இறக்கிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தான். நல்லவேளை, யாருமில்லை. ஒரகடத்தில் அவன் ஃபிட்டராக வேலை பார்க்கும், வண்டிகளுக்கு ரப்பர் புஷ் செய்யும் கம்பெனியின் பின்பக்கத் திடல் அது. அந்த ரிமோட் காரோ முதலாளி தளவாயின் உயிர்: நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் 'பக்கி' ரக ரேஸ் வண்டி. பூனை அளவுதான். ஆனால் தளவாய் அதைத் தூக்கும்போது பச்சைப் பிள்ளையைத் தூக்குவது போலத்தான் தூக்குவார்.

காலையில் அதை இவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனார். திருநெல்வேலியை விட்டு வந்து எத்தனையோ வருஷமாகியும் அவர் பேச்சு இன்னும் அந்த ஊரை விட்டு வரவில்லை.

"ஏ நடேசா, இன்னைக்கு ரேஸு நம்ம கம்பெனிக்கே வாழ்வா சாவாடே. பேட்டரிய சார்ஜ் போட்டு நிழல்ல வையி. வேற எங்கயும் கை வச்சிராத, என்னா?"

எதிராளி அம்சவல்லி மேடம். இங்கே செய்யும் புஷ்களை வாங்கும் பெரிய கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர். அந்தம்மாவுக்கும் இதே பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் காரோடு வருகிறார்.

நடேசன் சார்ஜ் போட்டான். நிழலில் வைத்தான். அதோடு விட்டிருக்கலாம். சும்மா ஒரே ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்போமே என்று கை அரித்தது.

ஓட்டியதன் பலன்தான் இப்போது இந்த அலறல். அடுத்த மாதம்தான் அவனை பெர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

ஸ்டோர்ஸில் வேலை செய்யும் பகலவனுக்குப் போன் போட்டான். "டேய் பகலு, முதலாளி வண்டிய ஒடச்சிட்டேன் போலக்கீதுடா. மோட்டார் கத்திகினு கீது, வண்டி நவுர மாட்டேங்குது."

பகலவன் சேரப்பணஞ்சேரியிலிருந்து பைக்கில் பறந்து வந்தான். வரும் வழியிலேயே வண்டியை நிறுத்தி ஒரு வீடியோ பார்த்திருந்தான். அதனால் இப்போது அவன் நிபுணன்.

"ஸ்லிப்பர் கிளட்ச்சுடா."

"செருப்பா?"

"வழுக்குற கிளட்ச்சு. தோ பாரு, இந்தப் பெரிய கியர் பக்கத்துல ஸ்பிரிங்கு, நட்டு. நட்டு லூசா கீது. டைட்டு வை, சரியாயிடும்."

நடேசன் டைட் வைத்தான். பயத்தில் இருப்பவன் இறுக்கும் இறுக்கு. நட்டு அதற்குமேல் திரும்ப இடமில்லை.

விசையைத் தொட்டதுதான் தாமதம், வண்டி பின்னங்கால்களில் எழுந்து நின்றது, குப்புறக் கவிழ்ந்தது, நிமிர்ந்தது, நேரே காம்பவுண்டுச் சுவரில் போய் மோதியது. பிறகு கரக் கரக் என்று ஒரு சத்தம்.

பெரிய கியரில் பாதிப் பற்களைக் காணோம்.

"ரொம்ப இறுக்கினா அப்டித்தான்" என்றான் பகலவன். "வழுக்க வேண்டியது வழுக்கலன்னா, அடி மொத்தமும் பல்லு மேல வுழும்."

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"வீடியோல அந்த எடத்துல நெட்டு போச்சுடா. இப்பதான் வெளங்கிச்சு."

தளவாயின் பெட்டியில் மாற்று கியர் ஒன்று இருந்தது. அதை மாட்டினார்கள். சூடு கண்ட நடேசன் இம்முறை நட்டை ரொம்பப் பதமாகத்தான் திருகினான். வண்டி ஊர்ந்தது. இன்னும் கொஞ்சம் விசையை அழுத்தினான். கிளட்ச் வழுக்கி வழுக்கிச் சூடேறி, உள்ளிருந்து மெல்லப் புகை வந்தது.

ஆபீசிலிருந்து ஷாரோன் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். முதலாளியின் கடிதம், கணக்கு, காபி எல்லாமே அவள் பொறுப்பு.

"அண்ணே, இன்னாண்ணே நாத்தம்?"

"மோல்டிங்ல ரப்பரும்மா."

"இன்னிக்கு மோல்டிங் லீவாச்சே?"

"நேத்து ரப்பரு."

அவள் பக்கியைப் பார்த்தாள். "சார் வண்டில ஒண்ணும் கை வெக்கலல்ல?"

"ஐயோ, தூசி தட்டிகினு இருக்கேம்மா."

அவள் போனதும் நடேசன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கேட்டில் கார் ஹாரன் கேட்டது. அம்சவல்லி மேடம் வந்தாயிற்று. அவன் துள்ளி எழுந்தான். கருகிய கிளட்ச் தகட்டை உப்புத்தாளில் தேய்த்து, திரும்ப மாட்டி, நட்டைக் கொஞ்சம் திருகுவான், விசையைத் தட்டுவான், காது கொடுத்துக் கேட்பான். மறுபடி கொஞ்சம். கடைசியில் வண்டி ஒரு முழம் 'ஸ்ஸ்' என்று வழுக்கி, அப்புறம் மண்ணைக் கவ்விக்கொண்டு அம்பாய்ப் பாய்ந்தது.

பகலவன் அவனைக் கட்டிக்கொண்டான்.

தளவாயும் வந்து சேர, ரேஸ் தொடங்கியது. தளவாயின் பக்கி துள்ளிப் பாய்ந்தது. கூடவே தளவாயும் திடுக்கிட்டுத் துள்ளினார். வளைவில் வண்டியை ரொம்ப அகலமாகத் திருப்பினார். அது மண்ணை வாரி இறைத்துக்கொண்டு உள்ளே வந்து சேர்ந்தது. நேர் பாதையில் வேகத்தைக் குறைத்தார். அப்படியும் முன்னாலேயே இருந்தது. அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"டென்ஷன்ல சார் தடுமார்றாரு" என்றான் பகலவன்.

"இன்னா பண்ணாலும் வண்டி காப்பாத்திடுது பாரு" என்றான் நடேசன், பெருமை தாங்காமல்.

அரை ரவுண்டு வித்தியாசத்தில் தளவாய் ஜெயித்தார். நடேசனும் பகலவனும் விசிலடித்தார்கள். வேறு யாரும் கைதட்டவில்லை. அம்சவல்லி மேடம் ரிமோட்டைப் பையில் போட்டார், நீட்டிய இளநீரைத் தொடாமல் காரில் ஏறினார். "மேடம், ஒரு நிமிசம் மேடம்" என்று தளவாய் கேட் வரைக்கும் ஓடினார். கார் நிற்கவில்லை. அவர் அங்கேயே வெயிலில் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நடேசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஷாரோனிடம் போனான்.

"சாரு ஏம்மா இடி வுழுந்தவரு கணக்கா நிக்கிறாரு? நாமதான் ஜெயிச்சிட்டோமே!"

"நாம எப்டி ஜெயிச்சோம்னுதாண்ணே எனக்கும் புரியல" என்றாள் ஷாரோன். "மேடம் ஜெயிச்சாங்கன்னா அந்தக் குஷில புது ஆர்டர வாங்கிடலாம்னு, காலைல என் கண்ணு முன்னாலதான் சாரே அந்த கிளட்ச்சு நட்ட லூசாக்கி வெச்சாரு!"