ஒருவர் நிறுத்தினால் எல்லாருக்கும் நிற்கும் பெட்டி

குருநகர்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மச்சான் றெஜி அறிவது,

ரொறன்ரோக் குளிரில் நீரும் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகமாய் இருக்க வேண்டுமென்று தினமும் மன்றாடுகிறோம். இங்கே உம்முடைய அக்கா மார்கிரட் சுகம். மேல்மாடியில் மகள் நிரோஜினியும் மருமகனும் பேத்தியும் சுகம். நானும் உடம்பளவில் சுகம்தான். மனதளவில் எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். வாட்சப்பில் சொன்னால் சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டுப் போய்விடுவீர் என்பதால் தாளில் எழுதி, நிரோஜினியைக் கொண்டு படமெடுத்து அனுப்புகிறேன்.

யாகப்பர் கோயில் பெருநாளுக்கு வந்த நீர் சும்மா பூசையைக் கண்டு, கணவாய்க் கறி சாப்பிட்டுப் போயிருக்கலாம். "அத்தான், அறைக்கறை ரீவிப் பெட்டி என்னத்துக்கு? எல்லாத்தையும் ஒரு இடத்திலை வைப்பம்" என்று சொல்லி, சாமான் அறையில் இரும்புத் தட்டு அடித்து, அதில் இடத்துக்கு ஒரு சனல் காட்டுகிற ரீவிப் பெட்டி ஒன்றும் பாட்டுப் பெட்டி ஒன்றும் வைத்து, அங்கிருந்து ஹோலுக்கும் குசினிக்கும் மேல்மாடிக்கும் முற்றத்துக்கும் வயர் இழுத்து, சுவருக்குச் சுவர் பொத்தான் பூட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டீர். நீர் ஏறின அடுத்த ஞாயிறே தொடங்கியது. குசினியில் மார்கிரட் பூசை கேட்டுக்கொண்டு மீன் வெட்டுகிறாள். நான் ஹோலில் செய்தி பார்த்து முடித்து, பொத்தானை அமத்திவிட்டு எழும்புகிறேன். குசினியிலிருந்து வெட்டுக் கத்தியோடு வருகிறாள் உம்முடைய அக்கா.

"இஞ்சருங்கோ, பாதர் ஆசீர்வாதம் குடுக்கேக்கை ஏன் நிப்பாட்டினியள்?"

"நான் ஹோலிலைதானே நிப்பாட்டினனான்."

"ஹோலிலை நிப்பாட்டினால் குசினியிலை எப்பிடி நிக்கும்? எனக்கென்ன விசரே?"

அவள் நம்பவில்லை. அதே கிழமை கிரிக்கெட்டில் கடைசிப் பந்து வீச ஓடி வருகிறான், திரை கறுத்துப் போனது. குசினியில் மார்கிரட் கை துடைத்தபடி நிற்கிறாள். தன்னுடைய நாடகம் முடிந்ததாம், நிப்பாட்டினாளாம். நானும் நம்பவில்லை. பிறகு மூன்று நாள் எங்களுக்குள் கதை இல்லை. சோறு மேசைக்கு வரும், ஆள் வராது. இத்தனை வருட வாழ்க்கையில் போரும் இடப்பெயர்வும் செய்யாததை ஒரு பொத்தான் செய்தது, மச்சான்.

இங்கே பக்கத்துத் திருநெல்வேலியிலிருந்து ஜெயதீபன் என்று ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு, "ஐயா, பெட்டி ஒண்டு, கேக்கிறது நாலு இடம். ஆர் நிப்பாட்டினாலும் அது படுக்குது. மற்ற இடத்திலை ஆள் இருக்கோ எண்டு பாக்கிறேல்லை. கடைசி ஆள் நிப்பாட்டினால் மட்டும் படுக்கிற மாதிரி மாத்தி விடுறன்" என்றான். மாற்றினான். அதற்குப் பிறகு பெட்டி படுக்கவேயில்லை. ஏனென்றால் நிரோஜினி சத்தத்தைப் பூச்சியமாக்கிவிட்டு வேலைக்குப் போய்விடுவாள். அவள் மேலே இருந்து கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்துப் பெட்டி பகல் முழுவதும் ஒருவருமில்லாத அறைக்குப் பாடும். சாமான் அறை பாண் சுடுகிற போறணை மாதிரிச் சுட்டது. அங்கே தொங்கவிட்டிருந்த கருவாடு இரண்டாம் தரம் காய்ந்து, அந்த மணம் வீடெல்லாம் பரவி, பங்குச் சுவாமி வந்தவர் தேத்தண்ணி குடிக்காமலே எழும்பிவிட்டார்.

இதெல்லாம் பரவாயில்லை. இனிச் சொல்லப்போவதை எழுதக் கை கூசுகிறது.

போன ஞாயிறு பேத்தியின் பிறந்தநாள். முற்றத்து ஸ்பீக்கரில் பைலாப் பாட்டு, பிள்ளைகள் ஆட்டம். நடுவில் கரண்ட் போனது. வந்தபோது கேக் வெட்டுகிற அவசரத்தில் பாட்டை ஒருவரும் தேடவில்லை. கரண்ட் போனபோது பாட்டுப் பெட்டி படுத்துவிட்டதும், சுவர்ப் பொத்தானிலிருக்கும் பச்சை லைட் மட்டும் அது விழித்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்ததும், முற்றத்து ஸ்பீக்கரை ஒருவரும் மூடவில்லை என்பதும் பிறகு ஜெயதீபன் போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

புதன்கிழமை பக்கத்து வீட்டுச் செபநாயகம் அண்ணை காலமாகிவிட்டார். நெஞ்சுவலி. எத்தனை வருடம் ஒரே வேலிக்கு அந்தப்பக்கம் இருந்த மனுசன். அடுத்த நாள் பின்னேரம் சவப்பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். முன்னுக்கு பாண்ட் வாத்தியம் அழுதுகொண்டு போகிறது. வெள்ளைச் சேட்டோடு வெளிக்கிட்ட நான் சுவரைப் பார்த்தேன். பச்சை லைட் எரிகிறது. செத்தவீட்டு நேரம் எங்கள் வீட்டில் ஒரு முனகலும் கேட்கக்கூடாது என்ற மரியாதையில் பொத்தானை அமத்தினேன். அமத்தினால் எழும்பும், திரும்ப அமத்தினால் படுக்கும், அப்படியொரு பொத்தான். படுத்திருந்தது எழும்பியது. சவப்பெட்டி எங்கள் கேற்றடிக்கு வர, பிறந்தநாளுக்கு வைத்த அதே சத்தத்தில் முற்றத்திலிருந்து பைலா வெடித்தது.

நான் திரும்ப அமத்தினேன். அது எழும்பவும் படுக்கவும் கொஞ்சம் நேரம் எடுக்கும். நிற்கவில்லையே என்று இன்னொரு தரம் அமத்தினேன். நின்றது, திரும்பத் தொடங்கியது. உம்முடைய அக்கா "ஐயோ மாதாவே, வயரைப் புடுங்குங்கோ!" என்று கத்துகிறாள். நான் சாமான் அறைக்கு ஓடிக் கருவாட்டுக்குள் கைவிட்டு வயரைப் பிடுங்கி வருவதற்குள், பாண்ட்காரரின் மேளம் தன்னையறியாமல் பைலாத் தாளத்துக்கு மாறிவிட்டது. சவப்பெட்டி தூக்கினவர்களின் காலும் மாறிவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை, மச்சான். சிரித்திருந்தால் பரவாயில்லை. செபநாயகம் அண்ணையின் பெஞ்சாதி மரியரட்ணம் மட்டும் தலையை நிமிர்த்தி எங்கள் வீட்டை ஒருதரம் பார்த்தா.

மறுநாள் நானும் மார்கிரட்டும் மன்னிப்புக் கேட்கப் போனோம். அவ நாங்கள் இருக்கக் கதிரை எடுத்துப் போட்டா. நான் தொடங்க முன்னமே, "அண்ணை, உங்கடை சத்தத்துக்கு அவர் ஒருநாளும் வாய் திறக்கேல்லை. இனித் திறக்கவும் மாட்டார். இருங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்றா.

ஆகவே மச்சான், உம்முடைய வயர் எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். அடுத்த லீவில் வந்து ஒரு ஆணி மிச்சமில்லாமல் கழற்றிக்கொண்டு போம். எனக்கு ஒரு பழைய றேடியோ போதும். இது என் முடிந்த முடிவு.

யாகப்பர் உம்மையும் பிள்ளைகளையும் காப்பாராக. உம்மிடமிருந்து எங்களையும் காப்பாராக.

இப்படிக்கு,
மனமுடைந்த அத்தான்
அடைக்கலநாதன்

பி.கு.: கடிதத்தைப் படமெடுக்கக் கொடுக்க இருந்தபோது மரியரட்ணம் வேலியடிக்கு வந்தா. "ஏன் அண்ணை ஒரு சத்தத்தையும் காணேல்லை? எங்கடை வீடும் ஓய்ஞ்சு கிடக்குது, உங்கடையும் ஓய்ஞ்சால் நான் எப்பிடி இருக்கிறது?" என்றா. பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அவர் எண்டால் அண்டைக்குச் சவப்பெட்டிக்குள்ளை இருந்தே ஆடியிருப்பார்" என்று சொன்னா. சிரிக்கிறாவா அழுகிறாவா என்று எனக்குத் தெரியவில்லை. ஜெயதீபன் வந்து வயரைப் பொருத்திக்கொண்டிருக்கிறான். மேலே எழுதியதை வாசிக்க வேண்டாம். வரும்போது ஐந்தாவது இடத்துக்கு ஒரு ஸ்பீக்கரும் பொத்தானும் கொண்டுவாரும், அவவின் குசினிக்கு. அவ நிப்பாட்டினால் எங்கள் வீடு முழுக்க நிற்கட்டும்.